தெய்வானையின் கை

வெல்டிங் ரோபோவின் கையைப் பிடித்து ஒருமுறை ஓட்டிக் காட்டினால் போதும். பிறகு அது அந்த ஆளின் கையாகவே ஆகிவிடும். கம்பெனிக்கு நாடெங்கும் உள்ள நானூறு ரோபோக்களுக்கும் இனி வெல்டர் தெய்வானையின் கைதான் என்று காலையில் சொல்லிவிட்டார்கள். மாலைச் சோதனையில் விரிசல் தெரிந்தால் மட்டுமே அது மாறும். அவளைவிடப் பன்னிரண்டு வருடம் மூத்த வெல்டரான ஞானதாஸுக்கு வயிறு எரிந்தது.

சாப்பாட்டு வேளையில் ஆளில்லாதபோது, அவள் ஓட்டிக் காட்டிய பாதையின் கடைசி மூலையை அழித்தார். அங்கே கோணலாக இழுத்துவிடும் எண்ணத்தோடு ரோபோவின் கையைப் பிடித்தார். ஆனால் மூலை வந்ததும் அவர் கை பழக்கத்தில் சற்றே பின்வாங்கி, வெல்டு முடியும் இடத்தில் விழும் குழியை உருகிய இரும்பு நிரப்பக் காத்திருப்பதுபோல் ஒரு நொடி நின்று, பிறகுதான் எழுந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் அதேதான். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மாலையில் ஒரு விரிசலும் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். தெய்வானை மட்டும் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணே, அந்த மூலையில நான் பின்னாடி வரவே இல்லையே. அது யாரு கை?”

“மிஷினு தானா கத்துக்கிட்டிருக்கும்மா.”

“சாப்பிடாம கொள்ளாமயா?” என்றாள், அவருடைய திறக்காத டிபன் பாக்ஸைப் பார்த்தபடி.