அந்தக் குட்டி பிளேன்

"ஏண்ணே, வெக்கமா இல்ல? அம்பத்தெட்டு வயசுல அப்பா டிரே தூக்குறாக. நீ போன நோண்டிக்கிட்டு இருக்க!"

எங்க திராட்சைத் தோட்டத்துல அன்னைக்குப் பழ வெட்டு. பதினோரு மணிக்குக் கேரளா வண்டி வந்துரும். பந்தலுக்குக் கீழ அத்தனை பேரும் ஓடிக்கிட்டு இருக்கோம். எங்கண்ணன் அருண் ஜோசப் மட்டும் மோட்டார் ரூம் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கான்.

"இடுப்பு வலிக்குதுத்தா."

"கல்யாணத்துல ஆடும்போது வலிக்கலையோ?"

கூட்டாளி கல்யாணம்னு சென்னைக்குப் போனவன். ஒரு வாரம் கழிச்சு அன்னைக்குக் காலையிலதான் பஸ்ஸ விட்டு எறங்குனான்.

வெடுக்குன்னு போனப் புடுங்குனேன். உலக மேப்பு. அதுல மஞ்சக் கலர்ல குட்டியா ஒரு பிளேன் நகருது. சென்னை டூ லண்டன்.

"எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டரு அனிதா! பத்தரை மணி நேரந்தான். விடியுறப்ப ஏறிச்சு, இப்ப அரபு நாட்டுப் பக்கம் போயிருச்சு. நாம கடமலைக்குண்டுக்கு மூணு பஸ் மாறிப் போய்த் திரும்புறதுக்குள்ள பாதி ஒலகத்தத் தாண்டிரும்!"

"எவ இருக்கா அங்கன?"

சிரிச்சான். "ஒரு பொண்ணு."

"பேரு?"

"தெரியாது."

"ஊரு?"

"நாடு மட்டுந்தான் சொன்னாக."

"சுத்தம். பேரு தெரியாதவளுக்காகவா இந்தப் பிளேனப் பாத்துக்கிட்டுக் கெடக்க?"

சட்டைக் கையச் சுருட்டுனான். ரெண்டு முழங்கை மடிப்புலயும் பிளாஸ்திரி.

"ரத்தத்துல இருந்து ஸ்டெம் செல்லு எடுத்தாக. அதுக்கு அஞ்சு நாளு ஊசி. அந்த வலிதான் இது. ஏழு வயசுப் புள்ளத்தா அவ. ரத்தப் புத்துநோய். மூணு நாளைக்குள்ள அந்தச் செல்லு அவகிட்டப் போய்ச் சேந்துரணுமாம்."

"அந்தப் பிளேன்லயா போகுது?"

"அதையும் சொல்ல மாட்டாக. இருந்தாலும் இருக்கும்ல? அதான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

நானும் பாத்தேன். கண்ண எடுக்க முடியல. எங்கண்ணன் இங்கன பந்தல் நெழல்ல உக்காந்திருக்கான். அவன் ரத்தம் மேகத்துக்கு மேல, எவளோ ஒரு சின்னப் புள்ளையத் தேடிக்கிட்டுப் போகுது. பிளேன் ஒரு துளி நகந்தா எனக்கு மூச்சு வருது.

"ஏண்ணே வீட்ல சொல்லல?"

"அம்மா பயந்துரும். ஆனா இதுக்கெல்லாம் நீதான் காரணம். போன வருசம் உங்க காலேஜ் ஸ்டெம் செல் கேம்புல, சும்மா ஒன்னையக் கூப்பிட வந்தவனப் புடிச்சு வாயத் தொறக்கச் சொல்லி, கன்னத்துல பஞ்சுக்குச்சி விட்டியே!"

ஆமா. அந்தக் கேம்புல நான்தான் மைக்கப் புடிச்சேன். "அடுத்தவன் குடுப்பான்னு ஒதுங்குறவன் மனுசனா?"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். அம்புட்டுப் பேரு கை தட்டுனாக. முத ஆளா என் கன்னத்துலதான் சாம்பிள் எடுத்தாக.

அண்ணன் போன வாங்கிக்கிட்டே கேட்டான். "எனக்குப் பொருந்துனா கூடப் பொறந்தவகளுக்கும் பொருந்தலாம்னு டாக்டர் சொன்னாக. ஒனக்கு எதுவும் போன் வரலையா?"

ஒரு டிரேயத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு நடந்துட்டேன்.

வந்துச்சு. அவனுக்கு முன்னாடி எனக்குத்தான் வந்துச்சு. "பரீட்சை இருக்கு, வேற ஆளப் பாருங்க"ன்னு சொல்லிட்டு, அந்த நம்பரயே பிளாக் பண்ணிட்டேன்.