நீலக் கேபிள் சொல்லாமல் விட்டது

ஒரு மருத்துவமனை சர்வருக்குள் மென்பொருளாலேயே ஆன நான்கு மெய்நிகர் கணினிகள் குடியிருந்தன. அவை அனுப்பும் தகவல் பொட்டலங்களை வாங்கி வெளியே தள்ளியது, அவற்றைப் போலவே மென்பொருளாக உள்ளிருந்த மெய்நிகர் சுவிட்ச். அவற்றை வார்டுக்குச் சுமந்து போனது நீலக் கேபிள்.

சில நாட்களாக ரத்தப் பரிசோதனை முடிவுகள் வழியிலேயே தொலைந்தன. கேபிளுக்கு மனம் கேட்கவில்லை.

"அண்ணே, அவங்க நூறு அனுப்புறாங்க. எங்கிட்ட தொண்ணூறுதான் வருது. மீதி எங்கே?"

சுவிட்ச் குரலைத் தாழ்த்தியது. "நாலு பேரும் ஒரே நேரத்துல கொட்டுறாங்க தம்பி. எனக்குத் தாங்கலை. மிச்சத்தைக் கீழே போட்டுடுறேன்."

"இதைச் சொல்லிடலாமே?"

"சொன்னா என்னைத் தூக்கிடுவாங்க. நீயும் வாயைத் திறக்காதே."

கேபிளுக்குப் பாவமாக இருந்தது. சரி என்று இருந்துவிட்டது.

மறுநாள் பொறியாளர் செண்பகவல்லி வந்து, "யார்கிட்ட கோளாறு?" என்று கேட்டாள். சுவிட்சே ஒப்புக்கொள்ளட்டும் என்று கேபிள் காத்திருந்தது.

"கேபிள் நைஞ்சுபோச்சு மேடம்," என்றது சுவிட்ச்.

அவள் நீலக் கேபிளைப் பிடுங்கி மூலையிலிருந்த அட்டைப்பெட்டியில் போட்டாள். புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் முடிவுகள் தொலைந்தன. குழந்தைகள் வார்டில் ஒரு சிறுமிக்கு மூன்றாவது தடவையாக ரத்தம் எடுக்கிறார்கள் என்று யாரோ போனில் சொல்ல, செண்பகவல்லி மறுபடி ஓடிவந்தாள். புதுக் கேபிளைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அது இல்லை மேடம், உள்ளே பாருங்க!" என்று பெட்டிக்குள்ளிருந்து கத்தியது நீலக் கேபிள். அதன் இரண்டு முனைகளும் இப்போது எதிலும் மாட்டியிருக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.