ஏழாம் ஆணி

அணு உலைக் கூடத்துக்குள் போகிறவர்கள் கட்டுப்பாட்டு அறைப் பலகையிலிருந்து ஆளுக்கொரு சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் உலையை இயக்கக் கூடாது. செக் நாட்டின் ப்ர்னோ நகரில் அணுப் பொறியியல் படிப்பில் சேர்ந்த அன்றே ராட்காவுக்குப் பேராசிரியர் ஹ்ருபெஷ் நடத்திய பாடம் அது.

இன்று இறுதித் தேர்வு. இயக்குபவரின் நாற்காலியில் முதன்முறையாக ராட்கா.

"ஏழு காலியா இருக்கு சார்."

"அது எப்பவும் காலிதாம்மா. நான் படிக்கிற காலத்துல என்கூடப் படிச்ச மிலோஷ் அந்தச் சாவிய எடுத்துக்கிட்டு உள்ள போனான். அப்புறம் ஆளையே காணோம். ஊரை விட்டு ஓடியிருப்பான். நீ ஸ்டார்ட் பண்ணு."

"அவர் வெளிய வந்ததை யாராவது பார்த்தீங்களா?"

ஹ்ருபெஷ் வெள்ளரிக்காய் வைத்த ரொட்டியைக் கடித்தார். "பெயில் போட்டுடுவேன்."

"போட்டுக்கோங்க சார். ஆளை உள்ள வச்சுக்கிட்டு நான் ஓட்டமாட்டேன்."

கூடத்து ஒலிபெருக்கியை இயக்கினாள். "மிலோஷ், வெளிய வாங்க. நீங்க வர்ற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கமாட்டேன்."

கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஹ்ருபெஷ் சிரித்தார். அவருடைய காபி ஆறிப்போனது. கடைசியில் தோல்வி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதவை நோக்கி நடந்தவர், பலகை முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

ஏழாம் ஆணியில் சாவி தொங்கியது. இப்போதுதான் மாட்டியதுபோல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணட்டுமா சார்?" என்றாள் ராட்கா.