அவளுடைய களைப்பு

ஜெரினா அரை மாரத்தான் ஓடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கணவன் செல்வின் கட்டிலில் படுத்துக் கிடப்பான். இருவர் மணிக்கட்டிலும் ஒரே மாதிரிப் பட்டை. அவளுடைய களைப்பெல்லாம் அதன் வழியே இவனுக்கு வந்துவிடும். அவள் பஞ்சு மாதிரி தூத்துக்குடியைச் சுற்றிப் பறந்துகொண்டிருப்பாள். ஊரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

கண்ணை மூடியபடியே அவனுக்கு வழி தெரியும். கெண்டைக்கால் இழுத்தால் பாலம் ஏறுகிறாள். நாக்கு வறண்டால் உப்பளம் வந்துவிட்டது. அன்றும் அலைமேல் கிடப்பதுபோல அந்த வலியில் மிதந்துகொண்டிருந்தான்.

திடீரென்று எல்லாம் நின்றது. உடம்பு லேசாகிவிட்டது. செல்வின் எழுந்து உட்கார்ந்தான். செத்தவர்களிடமிருந்துதான் களைப்பு வராது.

போன் செய்தான், அவள் எடுக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினான்.

கடற்கரைச் சாலையில், எல்லோருக்கும் கடைசியாக, நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தாள் ஜெரினா. முகமெல்லாம் வியர்வை. மணிக்கட்டில் பட்டை இல்லை.

"ஏட்டி, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. இத்தன வருசம் ஓடியும் ஓடுன மாதிரியே இல்ல. அதான் கழத்திட்டேன்."

"இன்னும் மூணு கிலோமீட்டர் கெடக்கு. பாதியாவது எங்கிட்ட குடு."

"தர மாட்டேன். இது எனக்குள்ளது." அவள் நிற்காமல் அவனைத் தாண்டிப் போனாள். "ஒங்களுக்கு வேணும்னா கூட ஓடி வாங்க."

செல்வின் தன் பட்டையையும் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு அவளோடு ஓடினான். அவனுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அது தன்னுடைய மூச்சு என்பதை அப்போதுதான் கவனித்தான்.