மூன்றாவது வயர்

யாரிடமும் சொல்லாமல் விடிகாலையில் காரை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய செண்பகவல்லியின் போன் மதியம்வரை ஒருமுறைகூட அடிக்கவில்லை. வழியில் கார் வேறு திக்கித் திணறியது. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் சூசை, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினான். முதல் இரண்டுக்கும் வண்டி குலுங்கியது. மூன்றாவதைப் பிடுங்கியபோது குலுங்கவேயில்லை.

“இந்த பிளக்தான்க்கா செத்துக் கெடக்கு. புடுங்குனாலும் வண்டிக்குத் தெரியல பாருங்க.”

அவள் கையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தாள்.

சூசை புது பிளக் போட்டு, அதே வயரை மறுபடி பிடுங்கிப் பார்த்தான். காருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சரியாயிடுச்சுக்கா. கெளம்பலாம்.”

அவள் வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“தம்பி, இன்னொரு தடவ புடுங்குங்க.”