ஓட்டம் நின்ற கை

ஆபரேஷன் அறையிலிருந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்ததும், நஞ்சப்பன் மனைவியின் இடது கையை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார்.

சத்தம் இல்லை.

டாக்டர்கள் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்த கை அது. அதில் ஊசி போட்டுத்தான் மாதம்மாளின் ரத்தம் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடும். விடிந்ததும் அந்த ஓட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நஞ்சப்பன் காபியே குடிப்பார்.

இன்று காலை தொட்டபோது கை சும்மா கிடந்தது. காபியைத் தொடவில்லை. மாரண்டஹள்ளியில் கார் பிடித்து, சேலத்துக்கு விரட்டிக்கொண்டு வந்தார்.

வராமல் இருந்த நாட்களை என்ன செய்வது?

தர்மபுரியில் டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பாரதி போன வாரமே சொன்னாள். மாதம்மாள் மெஷினில் கண்ணயர்ந்திருந்தாள். இவரைக் கதவோரம் கூப்பிட்டு, குழாய் சுருங்கிக்கொண்டு வருகிறது, இந்த வாரமே சேலம் போய்விடுங்கள் என்றாள். மெல்லிய கம்பி விட்டு, பலூன் வைத்து விரித்துவிடுவார்களாம். வெட்டு கிடையாது. ஒரு ராத்திரி தங்கினால் போதுமாம்.

அந்த ஒரு ராத்திரிதான் இடித்தது.

ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. கட்டியவன் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அதுவும் பூங்கரகம் எடுக்கிறவன். எத்தனையோ வருடம் காத்திருந்து இந்த வருடம்தான் அவர் தலைக்கு வந்த கரகம்.

ஓசூரில் இருக்கும் மகனை வரவழைத்து அவனோடு அனுப்பியிருக்கலாம். அது தோன்றாமல் இல்லை. ஆனால் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா? நீ போய்ப் பொண்டாட்டியைப் பாரப்பா என்று நல்லவர்கள் போலச் சொல்லி, கரகத்தைப் பங்காளி பச்சியப்பன் தலையில் ஏற்றிவிடுவார்கள். பச்சியப்பனும் அதற்குத்தான் குளித்துத் தயாராக நின்றான்.

நேற்று கரகமும் எடுத்தாயிற்று. மேளம் கொட்ட, தெருவே அவர் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது. வாசலில் நின்று மாதம்மாளும் ஊற்றினாள், வலது கையால்.

அதுவரை கையில் ஓட்டம் நாளுக்கு நாள் மெலிந்ததை அவர் விரல் அறியும். இன்னும் ரெண்டு நாள், தாயே, என்று கும்பிட்டுக்கொண்டார். வெட்கங்கெட்ட வேண்டுதல்.

டாக்டர் முகக்கவசத்தை இறக்கியபடி வெளியே வந்தார். குழாய்க்குள் ரத்தம் கட்டி இறுகிப்போய்விட்டது, கம்பி நுழையவே இல்லை என்றார். இப்போதைக்குக் கழுத்தில் குழாய் போட்டிருக்கிறதாம். இந்தக் கை இனி உதவாது. வலது கையில் புதிதாகத் தைத்துப் பார்க்க வேண்டும், அதிலும் குழாய் மெலிசு, எடுபடுமா என்று சொல்ல முடியாது.

"போன வாரமே சொல்லி அனுப்புனாங்களாமே, ஏங்க வரலை? அப்பவே வந்திருந்தா பத்து நிமிஷ வேலைங்க."

செய்தது மகாபாவம் என்று நஞ்சப்பனுக்கே தெரியும். அதை எந்த வாயால் சொல்வது?

மாதம்மாள் கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் டாக்டர் பக்கம் திருப்பினாள்.

"அவரை வையாதீங்க சார். போலாம் வான்னு தெனமும் கூப்புட்டாருங்க. நாந்தான் பண்டிக முடியட்டும்னு அடம் புடிச்சேன்."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நஞ்சப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பாரதி சொன்னதை அவர் மாதம்மாளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.