தோண்டத் தடை

கடலிலிருந்து எதிர்நீச்சல் போட்டு, தான் பிறந்த ஆற்றுக்கே வந்துசேர்ந்தது ஒரு சால்மன் மீன். வயிறு நிறைய முட்டை. கரையில், செம்புச் சுரங்கம் வெட்ட வந்திருந்த ராட்சத இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன விசேஷம்?" என்று நீர்நாயிடம் கேட்டது சால்மன், சற்றுத் தள்ளி நின்றே.

"இனி இந்த ஆத்துல யாரும் தோண்டக் கூடாதாம் அக்கா. தீர்ப்பு வந்தாச்சு!"

சால்மனுக்கு மூச்சே நின்றுவிட்டது. வாலால் குழி தோண்டாமல் முட்டையை எங்கே இடுவது? "யாரும்னா, நானும்தானே?"

நீர்நாய் விழுந்து விழுந்து சிரித்தது. "தோண்டி எடுக்கிறவங்களுக்குத்தான் அக்கா தடை. நீ தோண்டிப் புதைக்கிறவ!"

"அதைத் தீர்ப்புலயே தெளிவா எழுதியிருக்கலாமில்ல?" என்று முணுமுணுத்தபடி கூழாங்கற்களின்மேல் வாலை ஓங்கி அடித்தது சால்மன்.

"அதோ, அவ தோண்டுறா!" என்று லாரியிலிருந்து அலறியது இயந்திரம்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.